பழவாசனை வந்தால் ஓடு

1

அவள் என் மூக்கருகே நீட்டிய சீசாவின் மூடி பச்சையா நீலமா என்பது எனக்கு நிச்சயமில்லை. வருடம் 2009 என்று நினைக்கிறேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்து என்பது உறுதி. ஆனால் அது ஆலப்பாக்கத்துக்கு முன்பா, புதுச்சத்திரத்துக்குப் பிறகா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நினைவில் ஜன்னல் இருக்கிறது, முகத்தில் அறையும் உப்புக்காற்று இருக்கிறது, மூடி மட்டும் நிறம் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே இந்தக் கதையில் நான் எதையாவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் மடியில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு பேசாமல் வருகிறவள் நான். அவளோ பை நிறையச் சின்னச் சின்னச் சீசாக்களோடு ஏறியவள். பாதி வழி வரை பொறுத்துப் பார்த்தாள். பிறகு பொறுக்க முடியாமல் ஒன்றைத் திறந்து நீட்டினாள்.

"மோந்து பாருங்கக்கா. இது என்னா, சொல்லுங்க?"

"பழம்," என்றேன். "பழுத்து, கொஞ்சம் கெட ஆரம்பிச்ச பழம்."

நடத்துநர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "இதுக்குத்தான்க்கா நான் ஒரு தெருவையே ஓட வெச்சேன்!"

இந்தக் கதை அந்தச் சிரிப்பில் தொடங்கியது. அதற்குப் பிறகு நான் பலமுறை அவள் கடைக்குப் போனேன், கேட்டேன், எழுதினேன், கிழித்தேன். உங்கள் கையில் இருப்பது கிழிக்காமல் விட்டது.

2

கிழித்த தொடக்கங்களில் சில:

'மணம் என்பது நினைவின் வாசல் —' வேண்டாம். இதை எழுதும்போதே வேறு யாரோ எழுதியதைப் போல இருந்தது.

'செம்மங்குப்பத்தில் சூரியன் உதிக்கும் முன்பே —' சூரியனுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் கிடையாது.

'ஆரோக்கிய ராணி எப்போதும் அரை மூச்சுதான் இழுப்பாள்.'

இது சரி. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

ஆரோக்கிய ராணி எப்போதும் அரை மூச்சுதான் இழுப்பாள். பேருந்தில் சீசா நீட்டியவள் இவள்தான்; கடலூருக்குத் தெற்கே செம்மங்குப்பத்தில், ரசாயனத் தொழிற்பேட்டைக்கு அடுத்த தெருவில் பிறந்தவள். அந்தத் தெருவில் குழந்தைகள் நடை பழகுவதைப் போல அரை மூச்சும் பழகும். முதலில் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பது. நிலவரம் சரி என்றால் மிச்சத்தை இழுப்பது. பல நாள் மிச்சத்தை இழுக்க மறந்துபோகும்.

காலையில் குழாயடியில் பெண்கள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது அல்ல.

"இன்னிக்கு என்னாடி?"

"முட்டை."

"நேத்து ராத்திரி நெயில் பாலீசு. எங்க வூட்ல கண்ணே தொறக்க முடியல."

அழுகின முட்டை, ஊறின சாக்கு, அந்துருண்டை, தீஞ்ச ரப்பர், மூட்டைப்பூச்சி நசுக்கினது என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் இருந்தது. இவை எல்லாவற்றையும் விட அந்தத் தெரு பயந்தது ஒன்றே ஒன்றுக்கு: பழவாசனை. எங்கும் பழமரம் இல்லாதபோது காற்றில் இனிப்பாகப் பழுத்த வாசனை வந்தால் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டு, துணியைத் தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார், காற்றுக்கு எதிரே ஓடு. அதுதான் தெருவின் சட்டம். நாற்றம் வந்தால் சன்னலைச் சாத்து. நல்ல வாசனை வந்தால் ஓடு.

(விஞ்ஞானப்படி இது சரியா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்கலாம். ஆனால் ஒரு தெரு தன் உடம்பால் எழுதிக்கொண்ட சட்டத்தை நான் திருத்தி என்ன ஆகப் போகிறது?)

3

இப்படிப்பட்டவளை ஓர் அத்தர்க்கடைக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள் என்று எழுதினால், கதைக்காக நான் வசதியாக ஜோடி சேர்த்தேன் என்பீர்கள். சத்தியமாக இல்லை. மரியலூர்துவைப் பெண் பார்க்க அழைத்து வந்தபோது, "மாப்பிள்ளை பரங்கிப்பேட்டையில ஒரு பாயோட கடையில சேல்ஸ்மேன்" என்றுதான் சொன்னார்கள். எதை விற்கிறான் என்று யாரும் கேட்கவில்லை. 2004இல் கல்யாணம். அடுத்த வருடமே லூர்து சிதம்பரத்தில், கீழவீதியிலிருந்து கிழக்கே பிரியும் ஒரு சந்தில் தனிக்கடை போட்டான். கீழே கடை, மாடியில் வீடு. வெட்டிவேர்த் தைலம், கோரைக்கிழங்குத் தைலம், மல்லித் தைலம், தாழம்பூ, மரிக்கொழுந்து, புனுகு. புனுகு மட்டும் பூனையிலிருந்து, மற்றதெல்லாம் செடியிலிருந்து எடுத்தவை. ஆலைச் சரக்கு ஒரு சொட்டு கிடையாது என்பது அவன் வீம்பு.

ராணி படியிறங்கும்போது முந்தானை மூக்குக்குப் போய்விடும். கடைக்குள் கால் வைத்ததில்லை.

2006 கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லூர்து வாசலில் ஸ்டார் கட்ட ஏணியில் ஏறினான். ஏணி சறுக்கியது. பின்மண்டை படியில் மோதியது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். கை கால் எல்லாம் சரி. கடையைத் திறந்து வெட்டிவேர்ச் சீசாவை மூக்கில் வைத்தபோதுதான் தெரிந்தது. ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர்.

டாக்டர் சொன்னார்: "நரம்பு. வந்தாலும் வரும், வராமலும் போவும்."

மூக்கு இல்லாதவன் அத்தர்க்கடை நடத்துவது எப்படி? கடை போனால் மாடி போகும். மாடி போனால் ராணியின் அம்மா வீடு ஒன்றுதான் மிச்சம். அதாவது செம்மங்குப்பம். அரை மூச்சு.

"ராணி," என்றான் ஒருநாள், "நீ கீழ வந்து உக்காரு."

"நானா? எனக்கு என்னாங்க தெரியும்? எனக்கு ஓடத்தான் தெரியும்."

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள்.

4

ஓடிய கதை.

2007, ஒரு பிற்பகல். ராணி அதற்குள் கீழே கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்தாள். லூர்து சரக்கு எடுக்கப் பரங்கிப்பேட்டை போயிருந்தான். முதல்நாள் வந்த அலுமினிய டின் ஒன்றைக் காட்டி, "நீ மோக்க வேணாம், சின்ன சீசாவுல ஊத்தி மட்டும் வை" என்று சொல்லிவிட்டுப் போனான். டின்னில் என்ன என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நாற்றம் என்றால் சாத்திவிடலாம் என்ற தைரியத்தில் மூடியைத் திருகினாள்.

பழம்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் செய்தாள் என்று சொல்ல முடியாது. அவள் உடம்பு செய்தது. முந்தானை குடத்துக்குள் போனது, மூக்கில் ஏறியது. சந்துக்கு வந்து துண்டைத் தூக்கிக் காற்றைப் பார்த்தாள். கடற்காற்று.

"காஸு! காஸு லீக்காயிடுச்சி! காத்து கெழக்கேர்ந்து வருது, எல்லாம் கெழக்க ஓடுங்க! மூக்கப் பொத்திக்கினு ஓடுங்க!"

ஓடினார்கள். எதிர்க்கடைப் பூக்காரர் சபாபதி பாதி கட்டிய மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். தையல்காரர் யாருடைய ரவிக்கையையோ மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடினார். கோயிலுக்கு வந்த வெளியூர்க் கும்பல் ஒன்று, என்ன ஏது என்று கேட்காமல், முன்னால் ஓடினவர்களையும் முந்திக்கொண்டு ஓடியது. எல்லோரும் ரயிலடியில் போய் மூச்சு வாங்கினார்கள்.

லூர்து பேருந்தில் வந்து இறங்கியபோது சந்தில் ஒரு நாய்கூட இல்லை. அவனுக்குத்தான் எந்த வாசனையும் தெரியாதே. நேராகக் கடைக்குள் போனான், திறந்து கிடந்த டின்னை எடுத்துக்கொண்டு, கீழவீதியில் விசாரித்து ரயிலடிக்கு வந்தான்.

"இதுவா?"

"கிட்ட கொண்டாராதீங்க!"

சபாபதி எட்டிப் பார்த்து, எச்சரிக்கையாக மோந்தார். பிறகு தன் தோளில் கிடந்த மாலையை மோந்தார். மறுபடி டின்னை மோந்தார்.

"அடப்பாவி மச்சான்! இது மரிக்கொழுந்துடா! நான் தெனம் தொடுக்குறதுடா! இதுக்கா நான் முட்டி தேய ஓடியாந்தேன்?"

அன்றிலிருந்து தினமும் காலையில் கடை திறக்கும்போது எதிரிலிருந்து ஒரு குரல் வரும்: "தங்கச்சி, இன்னிக்கு ஒக்காரலாமா, ஓடணுமா?"

லூர்து மட்டும் விழுந்து விழுந்து சிரித்தான். மனைவியின் தோளில் கை போட்டு —

5

நிறுத்துங்கள். இந்த இடத்தில்தான் எனக்கு லூர்து மேல் சந்தேகம் வந்தது. அதிர்ந்து பேசாத, கோபமே இல்லாத கணவன். நான் எழுதும் ஆண்கள் எப்போதும் இப்படி ஆகிவிடுகிறார்கள். 2010இல் ஒருநாள் இதுவரை எழுதியதை ராணியிடம் கொடுத்துவிட்டுக் கடை முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள்.

"சிரிச்சாரா? யாரு, இவரா? ஒரு வாரம் மூஞ்சக் குடுத்துப் பேசலக்கா."

"அப்படியா?"

"சோத்த வெச்சா எழுந்து போயிடுவாரு. இன்னொண்ணு எழுதுங்க. கஸ்டமர் வந்தா மூக்குல வெச்சி, கண்ண மூடி, தெரிஞ்ச மாதிரி தலைய ஆட்டுவாரு. 'வெட்டிவேரு கொஞ்சம் ஜாஸ்தி' அப்டின்னுவாரு. அப்ப ஒண்ணும் தெரியாது மனுசனுக்கு! எல்லாம் நடிப்பு. இதையும் எழுதுங்க."

உள்ளேயிருந்து லூர்துவின் குரல்: "எழுதட்டும், எழுதட்டும். காஸு லீக்குன்னு கத்தினத விட இது ஒண்ணும் பெருசு இல்ல."

ஆக, தோளில் போட்ட கையை எடுத்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. எல்லோரும் விட்டு ஓடிய கடைக்குள் தான் மட்டும் நுழைந்ததில், மூக்கு போனதை ஊர் தெரிந்துகொண்டுவிடுமோ என்ற பயத்தில் ஒரு வாரம் பேசவில்லை. 'கொஞ்சம் ஜாஸ்தி' என்ற அவனுடைய இரண்டு வார்த்தையை மட்டும் நினைவில் வையுங்கள். பிறகு தேவைப்படும்.

ஆனால் ஓடியதில் ஒரு நன்மை விளைந்தது. எதற்காக ஓடினோம் என்று பார்க்க ஆட்கள் கடைக்கு வந்தார்கள். மரிக்கொழுந்துத் தைலத்தை மோந்துவிட்டு, "அட, நல்லாருக்கே!" என்றார்கள். அவர்களின் கண் விரிவதை ராணி கல்லாவுக்குப் பின்னால் முந்தானையை மூக்கில் வைத்தபடி பார்த்தாள். பந்தியில் தனக்கு மட்டும் இலை போடாததைப் போல இருந்தது அவளுக்கு.

6

கண்ணாயிரம் என்பவருக்குத் திட்டக்குடியிலும் காட்டுமன்னார்கோயிலிலும் ஃபேன்சி ஸ்டோர் உண்டு. ஏணியிலிருந்து விழுவதற்கு முன்னால் லூர்து தன் மனம்போலக் கலந்து ஒரு சீசா அவருக்குக் கொடுத்திருந்தான். 2008 தை பிறந்ததும் கண்ணாயிரம் போன் செய்தார்: "அதே சரக்கு வேணும் லூர்து. அதே வாசன இருந்தா ரெண்டு கடைக்கும் வருசம் பூரா எடுத்துக்கறேன். வந்து மோந்து பாத்துட்டுச் சொல்றேன்."

அதற்குள் கடையின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் கலவை முன்போல இல்லை என்று நழுவிவிட்டார்கள். கண்ணாயிரம் எடுத்தால் கடை நிற்கும்.

என்னென்ன போட்டோம் என்று லூர்துவுக்குத் தெரியும்: வெட்டிவேர், கோரைக்கிழங்கு, மல்லி, துளி புனுகு. எவ்வளவு என்று தெரியாது. கையல்ல, மூக்குதான் அளந்தது. அந்த மூக்கு இப்போது இல்லை.

"மோந்து சொல்லு. எப்பிடி இருக்குது?"

"நாத்தம்."

"நாத்தம்னா?"

"நாத்தம்னா நாத்தம்தான்!"

லூர்து தலையில் கை வைத்துக்கொண்டான். சட்டென்று நிமிர்ந்தான். "ராணி, ஒங்க தெருவுல நாத்தத்துக்கு எத்தினி பேரு வெச்சிருக்கீங்க?"

"அது கெடக்குது ஏகப்பட்டது."

"அதுல இது எது?"

அவள் முதல்முறையாக முந்தானையை இறக்கிவிட்டு, முகர்ந்தாள்.

"கோரைக்கெழங்கு... ஊறின சாக்கு. இல்ல, இருங்க. ஊறி, வெயில்ல காயப்போட்ட சாக்கு."

"அப்பிடிச் சொல்லு! மல்லி?"

"மேல பூ. அடியில அந்துருண்டை."

லூர்து முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "அந்துருண்டை! அதாண்டி! நல்ல மல்லில அடியில ஒண்ணு கெடக்கும், எனக்குப் பேரே தெரியாம இருந்திச்சி. அந்துருண்டை தெரியற வரைக்கும் ஊத்து!"

புனுகுச் சீசாவைத் திறந்ததும் அவள் வாசலுக்கு ஓடினாள். எதிரே சபாபதி மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராக எழுந்தார். "ஒண்ணும் இல்லண்ணே, உக்காருங்க!" என்று கத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"ஆட்டுக்கெடா."

"சரி. ஒரு பொட்டு மணிக்கட்டுல வெச்சிக்கினு உன் வேலயப் பாரு. மோக்காத. அதுவா வரும்."

அவள் மாடிக்குப் போனாள். சோறு வடிக்கச் சட்டியைச் சாய்த்தபோது மணிக்கட்டு மூக்கருகே வந்தது. வடிதட்டு நழுவி விழ, படிகளில் தடதடவென இறங்கினாள்.

"ஆடு போயிடுச்சிங்க! ஒங்க சட்ட வந்துடுச்சி!"

"என்னாது?"

"நீங்க தூங்கி எழுந்து கழட்டிப் போடுற சட்ட! அந்தச் சூடு! அதே!"

லூர்துவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு வாசனை ஒரு வாசனையாகவே இருப்பதில்லை, காத்திருந்தால் வேறு ஆளாக வருகிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. செம்மங்குப்பத்தில் காத்திருந்து பார்க்க முடியாது. வெட்டிவேரை இடது கையிலும் தாழம்பூவை வலது கையிலும் தடவிக்கொண்டு, அடுத்து என்ன வரும், அடுத்து என்ன வரும் என்று மாடிக்கும் கீழுக்கும் நடந்தாள். தாழம்பூவில் முதலில் நெயில் பாலீஷ் வந்தது, பொறுத்தாள், தேன் வந்தது. லூர்துவின் கலவை இரண்டு நாளில் தயாராகிவிட்டது.

ஆனால் அலுமினிய டின் அலமாரியின் உச்சியில், வாய் துணியால் கட்டப்பட்டு உட்கார்ந்திருந்தது. லூர்து பேருந்து நிலையத்துக்குக் கண்ணாயிரத்தை அழைத்துவரப் போன காலையில், ராணி அதை இறக்கினாள்.

(இங்கே ஒரு நீண்ட பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் பயம், விடுதலை என்றெல்லாம் வார்த்தைகள் இருந்தன. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.)

துணியை அவிழ்த்தாள். பழம். கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பியது. அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். அரை மூச்சு. மறுபடி அரை மூச்சு. பழத்துக்குப் பின்னால் ஏதோ இருந்தது: உலர்ந்த வைக்கோல், தேயிலைத்தூள், மழையில் நனைந்த இலை. அது என்ன என்று பார்க்கும் ஆசையில் மிச்சத்தையும் இழுத்தாள். முழு மூச்சு. நெஞ்சில் புழங்காத அறை ஒன்றின் கதவைத் தள்ளியதைப் போல வலித்தது. தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தாள்.

பிறகு கலவையில் பாதியை வேறு சீசாவில் பிரித்து, அதில் மரிக்கொழுந்தை ஊற்றினாள்.

7

கண்ணாயிரம் லூர்துவின் கண்ணில் படாமல் வேறு வழியாக வந்து சேர்ந்தார். கல்லாவின் மேல் ராணியின் சீசா. கல்லாவின் அடியில் லூர்துவின் சீசா.

அவர் மணிக்கட்டில் தடவி முகர்ந்தார். "இது அது இல்லியேம்மா."

"நல்லா இல்லிங்களா?"

"நல்லா இருக்கறது வேற. நான் கேட்டது வேற."

ராணியின் கை கல்லாவின் அடியில் போனது. சீசாவைத் தொட்டது. தொட்டபடியே நின்றது.

"இதுதாங்க இருக்குது," என்றாள்.

அவர் போய்விட்டார்.

கதையை இங்கே விட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நான் வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்று: காட்டுமன்னார்கோயில் பேருந்தில் போகும்போது கண்ணாயிரத்தின் மணிக்கட்டில் வாசனை மெல்ல விரிகிறது; பக்கத்தில் இருப்பவர் என்ன பூசியிருக்கிறீர்கள் என்று கேட்கிறார்; அவர் இறங்கித் திரும்பி —

"அப்பிடிலாம் நடக்கலக்கா," என்றாள் ராணி, இதைப் படித்துவிட்டு. "பஸ்ஸு ஏறினவரு ஏறினவருதான்."

"ஏன் அந்தச் சீசாவைக் கொடுக்கவில்லை? கடை போனால் செம்மங்குப்பம் என்று தெரியும்தானே?"

"தெரியும். குடுத்திருந்தா நான் ஊத்துறவளாவே இருந்திருப்பேன். மோக்கறவ ஆயிருக்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அப்பறம் கை வரல. அதான் நெசம்."

8

லூர்து வேர்த்துக்கொண்டு திரும்பி வந்தான். நடந்ததைக் கேட்டான். அடியில் இருந்த சீசாவைப் பற்றி அவள் மறைக்காமல் சொன்னாள். மேலே இருந்த சீசாவில் என்ன ஊற்றினாள் என்று மட்டும் சொல்லவில்லை. அதை அப்படியே அவனிடம் நீட்டினாள்.

அவன் வழக்கம்போல மூக்கில் வைத்துக் கண்ணை மூடினான். வழக்கத்தை விட அதிக நேரம் மூடியிருந்தான் என்கிறாள் ராணி.

"மரிக்கொழுந்து போட்டியா?" என்றான். "கொஞ்சம் ஜாஸ்தி."

ராணி போட்ட கூச்சலில் சபாபதி மாலையோடு ரயிலடிப் பக்கம் கால் எடுத்து வைத்துவிட்டார்.

இப்போது உங்கள் முறை. அவனுக்கு மூக்கு திரும்பிவிட்டது என்று நீங்கள் சொல்லலாம். 'வந்தாலும் வரும்' என்று டாக்டரே சொன்னார். இல்லை, உச்சியில் இருந்த டின்னின் துணி அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, அவளுக்காக நடித்தான் என்றும் சொல்லலாம். நடிப்பு அவனுக்குப் பழக்கம்தான். டின்னைத் திரும்பக் கட்டிவைத்தாயா என்று ராணியைக் கேட்டேன். "கட்டினேன். கட்டினேன்னுதான் நெனைக்கிறேன்," என்றாள். அன்றைக்கே அவனைக் கேட்டிருக்கலாமே என்றேன். "எதுக்குக்கா?" என்றாள்.

நான் லூர்துவையே கேட்டேன். அவன் வெளியே சந்துப் பக்கம் பார்த்தான். நிறைய மௌனங்களோடு பழகியவள் நான். அவற்றில் வகை பிரிக்கத் தெரியும் என்று ஒரு கர்வம்கூட உண்டு. அந்த மௌனத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

"டீ சொல்லட்டுங்களா?" என்றான்.

டீ வந்தது. ஊதி ஊதிக் குடிப்பதற்கு முன்னால் டம்ளரை ஒரு கணம் மூக்கருகே வைத்திருந்தான். எல்லோரும் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

9

இது 2012. கண்ணாயிரம் அப்புறம் வரவில்லை. இரண்டு கடைகளிலும் புதுச்சேரிச் சரக்கு விற்கிறார். அத்தர்க்கடை மூடவில்லை. சபாபதி கோயிலுக்கு வருகிறவர்களிடம், "அந்தக் கடையில மோந்து பாருங்க, நான் ரயிலடி வரைக்கும் ஓடியிருக்கேன்" என்று சொல்லி அனுப்புகிறார். ராணி அவர்களிடம், "மொதல்ல ஆடுதான் வரும், பொறுங்க" என்று சொல்லி விற்கிறாள்; கால்வாசிப் பேர் பொறுக்கிறார்கள், அது போதுமாக இருக்கிறது. போன டிசம்பரில் அடித்த 'தானே' புயலில் கடையின் பெயர்ப்பலகை பறந்துவிட்டது. புதுப் பலகை இன்னும் மாட்டவில்லை. லூர்து வாடிக்கைக்காரர்களின் மணிக்கட்டைப் பிடித்து, கண்ணை மூடி, தலையை ஆட்டுகிறான். ராணியின் அம்மா செம்மங்குப்பத்திலேயே இருக்கிறாள். ராணி மாதம் ஒருமுறை அவளைப் பார்க்கப் போகிறாள். சிதம்பரத்தில் முழு மூச்சு இழுக்கிறாள். அந்தத் தெருவில் இறங்கும்போது அரை மூச்சு.